விடிகாலையில் இலையைப் பார்

கத்திரி வெயில் சித்திரை 21-ல் தொடங்கும். அன்றிலிருந்து மொட்டை மாடியில் பகல் இரண்டு மணிக்குக் கால் வைக்க முடியாது. செம்பருத்தியும் கத்திரிச் செடியும் தலையைத் தொங்கப் போட்டு நிற்கும். பார்த்ததும் நமக்கு மனசு கேட்காது, கை தண்ணீர்ப் பைப்பைத் தேடும்.

"இப்ப ஊத்தாத தாயி. சாயங்காலம் வந்து பாரு" என்பாள் அப்பத்தா.

சாயங்காலம் செடி நிமிர்ந்திருக்கும். வேர் உறிஞ்சித் தருவதைவிட இலை வேகமாக ஆவியாக்கினால் உச்சி வெயிலில் துவளத்தான் செய்யும். வெயில் தாழ்ந்தால் சரியாகிவிடும். விடிந்ததும் போய்ப் பார்க்கையில் அப்போதும் துவண்டிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். செடி வைத்தியத்தில் இதைவிடப் பெரிய பாடம் ஒன்றை நான் இன்றுவரை படிக்கவில்லை.

அப்பத்தா வீட்டுக் கிணற்றடியில் மல்லிகை நின்றது. மதுரைப் பக்கம் அது இல்லாத வீடு ஏது? மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு வந்தபோது அவள் இல்லை. இருந்திருந்தால் இதற்கெல்லாமா சான்றிதழ் என்றிருப்பாள். மல்லிகை கொட்டிக் கொடுப்பது கோடையில்தான். இலை மஞ்சளடிப்பதும் அப்போதுதான். மஞ்சள் ஒன்றுதான், காரணம் பல. கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறை. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்பு இருந்தும் வேருக்குக் கிடைக்காது. அடி இலையிலிருந்து பழுத்துக்கொண்டு வந்து, வேரைக் கிளறினால் கறுத்துக் கிடந்தால் அது வேரழுகல். வேரில் சின்னச் சின்ன முடிச்சாக இருந்தால் நூற்புழு. முதல் சீக்குக்கு நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிற அன்னபேதி போதும், லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் கரைத்து இலைமேல் தெளிக்கலாம். மற்ற இரண்டுக்கும் அதைத் தெளித்து என்ன பயன்? அப்பத்தா இலையைக் கிள்ளி வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடிப்பாள், கண்ணைச் சுருக்கி நரம்பைப் பார்ப்பாள். அதற்கப்புறம்தான் பேச்சு.

இலையின் அடிப்பக்கத்தையும் அவள் விடமாட்டாள். ரோஜா இலையில் ஊசியால் குத்தியதுபோல் வெளிறிய புள்ளிகள் தெரிந்தால் நான் இப்போது ஒரு வெள்ளைத் தாளை அடியில் பிடித்து இலையைத் தட்டுகிறேன். விழுகிற தூசியில் சில துகள்கள் நகரும். விரலால் தேய்த்தால் செந்நிறக் கோடு விழும். சிலந்திப்பேன். காற்று வறண்டு சூடேற ஏற அது பல மடங்காகப் பெருகும். இலையின் அடியில் படும்படி தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பதே நல்ல தொடக்கம். கந்தகத்துக்குக் கட்டுப்படும்தான், ஆனால் 32 டிகிரிக்கு மேல் அதே கந்தகம் இலையைக் கருக்கிவிடும். நம் சித்திரையில் அதற்குக் கீழே இறங்குகிற நாள் ஏது? வேப்பெண்ணெயும் அப்படித்தான், பொழுது சாய்ந்த பிறகே தெளிக்க வேண்டும்.

செம்பருத்தித் தண்டில் எறும்பு ஏறுகிறதா என்று பார்ப்பதும் அந்தக் கிணற்றடிப் பழக்கம். எறும்பு போகிற இடத்தில் மாவுப்பூச்சி இருக்கும். அது கழிக்கும் இனிப்புநீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கிறது. இந்தியாவில் பப்பாளி மாவுப்பூச்சியை முதலில் கண்டது 2008-ல், கோயம்புத்தூரில். கொஞ்ச காலத்தில் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று தோட்டம் தோட்டமாக வெளுத்துப்போனது. பட்டுப்புழுவுக்குப் போடும் மல்பெரியில் விஷத்தைத் தெளிக்கவும் முடியாது. மற்ற இடங்களில் தெளித்த மருந்து, மாவுப்பூச்சியைத் தின்னும் பூச்சிகளையும் கொன்றது. கடைசியில் காப்பாற்றியது 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த, அசெரோபேகஸ் பப்பாயே என்கிற மிகச் சின்னக் குளவி. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிட்டே அதை ஒழித்தது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கும். எந்தப் பூச்சி, எந்த ஊர்ப் பூச்சி, அதற்கு யார் எதிரி என்று பொறுமையாகக் கேட்டவர்களால் வந்த வைத்தியம் அது.

போன வாரம் பக்கத்து வீட்டுப் பெண் செல்போனில் ஒரு படத்தைக் காட்டினாள். வாடிய துளசி.

"என்ன மருந்துக்கா அடிக்கலாம்?"

"எத்தனை மணிக்கு எடுத்த படம்?"

"காலைல ஆறு மணிக்கு. தினமும் ரெண்டு வேளை தண்ணி ஊத்துறேன், அப்பவும் இப்படித்தான்."

போய்ப் பார்த்தோம். தொட்டிக்கு அடியில் தட்டு, தட்டு நிறையத் தண்ணீர். மண்ணில் விரலை விட்டால் சேறு, முகர்ந்தால் புளித்த வாடை. செடியை மெதுவாகக் கவிழ்த்து எடுத்தோம். பாதி வேர் பழுப்பாகி உருவிக்கொண்டு வந்தது, மிச்சம் வெள்ளையாக இருந்தது. அழுகியதை வெட்டிவிட்டு, நார்க்கழிவும் மணலும் கலந்த புது மண்ணில் வைத்து, தட்டை எடுத்துவிட்டு இரண்டு செங்கல்மேல் தொட்டியை ஏற்றினோம். மேல் மண் இரண்டு அங்குலம் காயும்வரை தண்ணீர் வேண்டாம், அதுவரை முருங்கை நிழலில் இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.