முடிச்சுக்குத்தான் விலை

நவி மும்பையின் கோபர்கைரனேயில் ஆடி மாத ஈரம் துணி உலர்த்த உதவாது. ஆனால், சாயம் போட அதைவிட ஒத்தாசை கிடையாது. பருத்தியில் ரியாக்டிவ் சாயம் பிடிக்க வேண்டுமானால் துணி பல மணி நேரம் ஈரம் குறையாமல் இருக்க வேண்டும். ஏப்ரல் வெயிலில் பிளாஸ்டிக் பையில் இறுகச் சுற்றிக் காக்க வேண்டிய துணியை, ஜூலையில் ஒரு பக்கெட்டில் போட்டு மூடி வைத்தாலே போதும். சிட்கோ வீட்டின் சின்ன பால்கனி அப்போது எங்கள் சாயப்பட்டறை ஆகிவிடும்.

பெரிய சாமான்கள் எதுவும் வேண்டாம். பழைய வெள்ளைப் பருத்தி பனியன், ரப்பர் பேண்டு, நூல்கண்டு, சாயப் பொடி, சலவை சோடா. கிராணா கடையில் வெறுமனே சோடா என்று கேட்டால் ஆப்ப சோடாவை எடுத்து நீட்டுவார்கள். துணி துவைக்கும் சோடா என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். ஆப்ப சோடாவின் காரம் இந்த வேலைக்குப் போதாது. துணியை நன்றாகத் துவைத்துக் கஞ்சி போக்கி, லிட்டருக்கு ஐம்பது, அறுபது கிராம் சோடா கலந்த தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்துப் பிழிந்து, கட்டி, சாயம் ஊற்ற வேண்டும். காரத்தில்தான் சாயமும் பருத்தி இழையும் வேதிப்பிணைப்பில் சேர்கின்றன. பாலியஸ்டர் கலந்த சட்டை இதற்கு ஆகாது. எவ்வளவு ஊற்றினாலும் வெளிறித்தான் வரும். ரப்பர் கையுறை அவசியம். பொடி பறக்கும் என்பதால் மூக்கையும் மூடிக்கொள்ள வேண்டும். சமையல் பாத்திரம் எதையும் இதில் இறக்கக் கூடாது.

இந்த வசதி நம் பாட்டிமாருக்கு இல்லை. 1856இல் லண்டனில் வில்லியம் பெர்கின் முதல் செயற்கைச் சாயங்களில் ஒன்றான ஊதாவைக் கண்டார். அதற்குச் சரியாக நூறு ஆண்டு கழித்து, 1956இல், இங்கிலாந்தின் ஐசிஐ நிறுவனம் பருத்தியோடு பிணையும் ரியாக்டிவ் சாயத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுப்பு மூட்டாமல் வீட்டில் சாயம் போட முடிகிறதென்றால் காரணம் அதுதான். மஞ்சள்தூளில் தோய்த்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: சோப்புப் பட்டால் சிவக்கும், வெயில் பட்டால் ஓடிவிடும்.

பிள்ளைகளுக்குச் சுழல் கோலம்தான் பிடிக்கும். பனியனின் நடுவைக் கிள்ளி முறுக்கி, ரப்பர் போட்டு, மூன்று நிறம் ஊற்றினால் ஆயிற்று. மிஞ்சிய துண்டுகளில் கைக்குட்டை, முடிக்குப் போடும் ஸ்க்ரஞ்சி, சுருக்குப் பை தைக்கலாம். மெல்லிய கீற்றுகளாகக் கிழித்துப் பழைய வளையல் மேல் சுற்றி ஒட்டினால் கல்லூரிப் பெண்கள் கேட்டு வாங்கிப்போகிறார்கள்.

வேலையின் அருமை புள்ளி போட உட்காரும்போதுதான் தெரியும். கொண்டைக்கடலையை உள்ளே வைத்துக் கட்டுவது சுலபம். ஊறி உப்பி முடிச்சைத் தானே இறுக்கிக்கொள்ளும். கடுகளவுப் புள்ளிக்கு அப்படி எதையும் வைக்க முடியாது. நகநுனியால் துணியைத் தூக்கி, நூலைச் சுற்றி இழுக்க வேண்டும்.

எங்கள் பக்கத்துக் குஜராத்தி வீடுகளில் இது கஷ்டம் என்று சொன்னால் சிரிப்பார்கள். மும்பை மஸ்ஜித் பந்தரின் தானிய வியாபாரம் வாஷி மண்டிக்கு மாறியபோது கட்ச்சிக் குடும்பங்கள் பலவும் இந்தப் பக்கம் வந்துவிட்டன. அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் முடிச்சுப் போட்டுச் சாயமிட்ட பாந்தணி இல்லாமல் இராது. முடிச்சு அவிழ்க்காத பாந்தணிச் சேலையை இருவர் இரு முனையில் பிடித்து இழுக்க, நூல்கள் படபடவென்று தெறித்துப் புள்ளிகள் மலர்வதைப் பார்க்க வேண்டும். முதலில் மஞ்சள், பிறகு கட்டிச் சிவப்பு, மறுபடி கட்டி அடர்நிறம் என்று வெளிர்நிறத்திலிருந்து கறுப்பை நோக்கிப் போவது அவர்கள் முறை.

அதே கைவேலை நம் மதுரையில் சுங்குடி. சௌராஷ்டிரத்திலிருந்து புறப்பட்டு, நாயக்கர் காலத்தில் மதுரையில் நிலைத்த சௌராஷ்டிரர்கள் வளர்த்த தொழில் அது. 2005இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மும்பையின் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தமிழர் வீட்டு அலமாரியைத் திறந்தால் ஒரு சுங்குடியாவது இருக்கும். வெயில் காலத்துக்கு அதைப்போல ஒரு சேலை ஏது? ஆனால், இன்று அந்தப் பெயரில் விற்பவற்றில் பெரும்பகுதி மெழுகு அச்சும் ஸ்கிரீன் அச்சும்தான்.

கணக்குப் பாருங்கள். பழகிய கை நிமிடத்துக்கு மூன்று முடிச்சு போடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். பத்தாயிரம் புள்ளி உள்ள சேலைக்கு ஐம்பத்தைந்து மணி நேரம், கட்டுவதற்கு மட்டும். பெரும்பாலும் பெண்கள், வீட்டு வேலைக்கு நடுவே கட்டுகிறார்கள்.

தண்ணீரின் செலவும் உண்டு. இழையில் பிணையாத சாயம் முழுவதும் அலசும் தண்ணீரோடு சாக்கடைக்குப் போகிறது. திருப்பூரில் நொய்யல் ஆறு கெட்டது இந்த அலசலால்தான். 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் அங்குள்ள சாயப்பட்டறைகளை மூடச் சொல்ல வேண்டியதாயிற்று. தானே–பேலாப்பூர் சாலையின் ரசாயன ஆலைகளைத் தினமும் தாண்டிப் போகும் நாம் பால்கனியில் ஒரு குட்டி ஆலை திறக்கக் கூடாது. சாயத்தை அளந்து கரையுங்கள். ஒரே சாயத்தில் அடுத்தடுத்து இரண்டு துணி நனையுங்கள்.

வீட்டில் செய்த பனியன் கடைப் பனியனைவிட மலிவு என்று சொல்லமாட்டேன். வாங்கும் கண்ணுக்கு அது ஒரு பள்ளிக்கூடம், அவ்வளவுதான். கையால் கட்டிய புள்ளிகளில் இரண்டு ஒன்றுபோல் இராது. கட்டின இடத்தில் துணி மெல்லச் சுருங்கிப் புடைத்திருக்கும். நிறம் துணியின் இருபுறமும் ஊறியிருக்கும். அச்சுப் புள்ளிகள் அணிவகுத்து நிற்கும், பின்பக்கம் பெரும்பாலும் வெளிறியிருக்கும். ஒரு கைக்குட்டையிலாவது நீங்களே முடிச்சுப் போட்டுப் பாருங்கள். அதன் பிறகு அசல் சுங்குடிக்காரரிடம் பேரம் பேசாதீர்கள்.