சோம்பேறிக் குதிரைன்னு ஒண்ணு இல்லீங்க

எங்க பக்கம் குதிரை வண்டிப் பந்தயத்துல பெரிய குதிரை, சின்னக் குதிரை, புதுக் குதிரைன்னு பிரிச்சு விடுவாங்க. நம்ம குதிரை சின்னதுல ஓடுது. காட்டு மண்ணுல பறக்கும். பந்தயத்தன்னைக்குத் தார் ரோட்டுல இறங்கினா மந்தம். "நாலு சாட்டை வைங்க" என்றார்கள். மகனோ, ஆடியில அந்தியூர்ச் சந்தையில வித்துரலாம்னான்.

நான் காலைத் தூக்கிப் பார்த்தேன். முன்னங்கால் லாடம் ஒருபக்கமாத் தேஞ்சு, குளம்பு சூடா இருந்துச்சு. மெத்துன்னு இருக்கற மண்ணுல தெரியாத வலி, தாருல தெரிஞ்சிருக்கு. டாக்டரைக் காட்டி, லாடம் மாத்தி, ஒரு மாசம் ஓய்வு விட்டோம்.

இன்னொண்ணு: குதிரைக்கு இரைப்பை சின்னது. ஓடறதுக்கு முன்னாடி வயிறு முட்டக் கொள்ளு வெச்சா எப்படிங்க ஓடும்? வேர்வையில உப்பும் போயிரும். தண்ணியோட அதையும் கவனிக்கணும்.

இப்ப ஓடுது. சாட்டை வண்டியிலயே இல்லை. மகனும் சந்தைப் பேச்சை விட்டுட்டான்.