நோட்டீஸ் பீரியட்

பிப்ரவரி 3

ராஜினாமாக் கடிதம் கொடுத்தாகிவிட்டது. "எந்தக் கம்பெனி?" என்றார் மேலாளர். நாடகம், பாட்டு என்றேன். "அது சரிம்மா, வேலை எங்கே?" என்றார்.

வங்கியில் காசாளராக இருந்து ஓய்வுபெற்ற அப்பா, "கிராஜுவிட்டி வரும்ல?" என்று மட்டும் கேட்டார். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவரே கணக்கும் போட்டார். கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் கூட்டி, 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, அதைச் சர்வீஸ் வருஷத்தால் பெருக்கினார். "சிக்கனமா இருந்தா ரெண்டு வருஷம் ஓட்டலாம்." எங்கள் வீட்டில் ஆசீர்வாதம் இப்படித்தான் வரும்.

பிப்ரவரி 15

பார்க்கிறவர்களெல்லாம் கே. பாலசந்தரை உதாரணம் காட்டுகிறார்கள். அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீஸில் இருந்தவர்தானே என்கிறார்கள். 'மேஜர் சந்திரகாந்த்' நாடகத்தை அந்த வேலையில் இருந்துகொண்டேதான் போட்டார் என்பதை யாரும் சொல்வதில்லை. 1891-இல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் வக்கீலாக இருந்தார், நீதிபதியும் ஆனார், நாடகத்தையும் விடவில்லை. சென்னை சபா நாடகத்தை வளர்த்ததில் பெரும்பங்கு ஆபீஸ் விட்டு ஓடிவந்து அரிதாரம் பூசியவர்களுடையது. வேலையை உதறுவது நம் நாடக மரபே அல்ல. விஜய் சேதுபதிகூடத் துபாய்க் கணக்கு வேலையை விட்டு வந்து, கூத்துப்பட்டறையில் சேர்ந்தது கணக்காளராகத்தான்.

அப்புறம் நான் ஏன் விடுகிறேன்?

மார்ச் 9

பதில் தொண்டையில் இருக்கிறது. நிதியாண்டு முடிவு நெருங்குகிறது. பகல் முழுக்க வாடிக்கையாளர்களோடு போன். மாலை பாட்டு வகுப்பில் மேல் ஷட்ஜம் பிடித்தால் நிற்கவில்லை, பிசிறடித்தது. டீச்சர் தம்புராவை நிறுத்திவிட்டார். "வித்துத் தீர்ந்தது போக மிச்சக் குரலை எங்கிட்ட கொண்டு வராதே. விடியக்காலம் வா, அகாரம் சாதகம் பண்ணு." விடியக்காலம் எனக்கு ஏது? மும்பைக்கு அனுப்ப வேண்டிய அறிக்கை அந்த நேரத்தில்தான் தயாராகும்.

ஒத்திகையில் வேறு தொல்லை. மகன் இறந்த செய்தியைக் கேட்கும் தாய் நான். வசனம் கிடையாது. கையில் இருக்கும் சொம்பைக் கீழே வைக்க வேண்டும், அவ்வளவுதான். இயக்குநர் திரும்பத் திரும்ப வைக்கச் சொன்னார். "முகத்துல ஒண்ணுமே தெரியலையேம்மா!" தெரியாதுதான். சந்தை சரிந்த அன்றும் முதலீட்டாளர் முன்னால் முகம் மாறக்கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். நன்றாகவே கற்றிருக்கிறேன். மாலை இரண்டு மணி நேர ஒத்திகையில் கழற்றிவைக்கிற முகமா அது? மறுநாள் காலை அடையாள அட்டையோடு திரும்ப மாட்டிக்கொள்கிறதே. நடிப்பையும் ஆபீஸையும் சேர்த்துச் செய்தவர்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள்.

மார்ச் 31

அடையாள அட்டையை ஒப்படைத்தேன். கேக் வெட்டினார்கள். ஒரு பாட்டுப் பாடச் சொன்னார்கள், பாடினேன்.

ஏப்ரல் 19

கணக்கு தெரிந்தவள் என்பதால் நாடகக் குழுவின் வரவு செலவு என் தலையில் விழுந்துவிட்டது. அரங்க வாடகை, ஒளி, ஒலி, மேக்கப், செட் ஏற்றி இறக்கும் வண்டி, டீ, போண்டா. வரவுப் பக்கத்தில் ஒரே தலைப்பு: டிக்கெட். அதிலும் முன்வரிசை முழுக்க ஓசி பாஸ். அரங்கம் நிறைந்த அன்றும் கையைக் கடிக்கிறது என்றால் காரணம் இதுதான்.

ஆகவே, எனக்கு வாழ்த்துச் சொன்ன நண்பர்களே, உறவினர்களே, தயவுசெய்து பாஸ் கேட்காதீர்கள். டிக்கெட் வாங்கிக்கொண்டு வாருங்கள்.