கால் மணி நேரம் போதும்

ஹைதராபாத்தின் மௌலா அலியில் குன்று அசையாமல் நிற்கிறது. பள்ளிக்கூட நேரத்தில் அதன் அடிவாரத்துத் தெருக்களில் வாகனங்களும் அப்படித்தான்.

செகந்திராபாத்துக்கு வடகிழக்கே உள்ள இந்தப் பகுதிக்குப் பெயர் தந்தது குன்றின் உச்சியில் இருக்கும் தர்கா. குதுப் ஷாஹி அரசவையைச் சேர்ந்த யாகூத் என்பவர் கண்ட கனவில் தொடங்கியது அதன் வரலாறு என்பது ஐதீகம். 1824இல் மறைந்த உருதுக் கவிஞர் மாஹ் லகா பாய் அடிவாரத்தில் அடக்கமாகியிருக்கிறார். பிறகு ரயில்வே வந்தது. டீசல் லோகோ ஷெட், பயிற்சி நிலையம், வீட்டு வசதிக் குடியிருப்புகள் எல்லாம் சேர்ந்துகொண்டன. தெருக்கள் மட்டும் அகலவில்லை.

காலையில் பள்ளி வாசலுக்கு முப்பது அடி தூரத்தில்தான் சிக்கல். முன்னால் ஸ்கூட்டர், பக்கத்தில் கார், பிள்ளைகளை அடைத்துக்கொண்டு பின்னோக்கி வரும் ஆட்டோ. இவற்றுக்கு நடுவே, முதுகில் மூட்டை சுமந்து நடந்து வரும் குழந்தைக்குத்தான் வழியில்லை. மார்ச் நடுவில் தெலங்கானாவில் அரை நாள் பள்ளி தொடங்கிவிட்டால் வீடு திரும்பும் கூட்டம் உச்சி வெயிலில் இதே நெரிசலில் நிற்கும். வேடிக்கை என்னவென்றால், 'ரோடு ஆபத்து' என்று பயந்து பிள்ளையை வண்டியில் கொண்டுவந்து விடும் ஒவ்வொரு பெற்றோரும் அந்த ஆபத்தில் ஒரு வண்டியைக் கூட்டுகிறார்கள்.

இத்தாலியின் போல்சானோ நகரம் 1989இலேயே இதற்கு வழி கண்டது. பள்ளி தொடங்கும்போதும் விடும்போதும் வாசல் தெருவைக் கால் மணி நேரம் மூடினார்கள், அவ்வளவுதான். லண்டனில் இப்படி மூடும் தெருக்களில் குடியிருப்போருக்கும் ஊனமுற்றோரின் வாகனங்களுக்கும் விலக்கு உண்டு. பாரிஸில் 200க்கும் மேற்பட்ட பள்ளித் தெருக்கள் மாறிவிட்டன.

ஹைதராபாத்துக்கும் இது புதிதல்ல. 2021 ஆகஸ்ட் 29 தொடங்கி ஞாயிறு மாலைகளில் இரட்டை நகரங்களை இணைக்கும் டேங்க் பண்ட் சாலையையே மூடி, மக்களை நடக்க விட்டார்கள். ஐஸ்கிரீமுக்காக ஐந்து மணி நேரம் மூட முடிந்த நகரத்தில், பாடப் புத்தகத்துக்காகக் கால் மணி நேரம் மூட முடியாதா?

சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. பொதுமக்களின் பாதுகாப்புக்காக ஒரு சாலையில் வாகனங்களைத் தடுக்க 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 115ஆவது பிரிவு இடம் தருகிறது. தடை ஒரு மாதத்தைத் தாண்டாவிட்டால் அரசிதழ் அறிவிப்பும் தேவையில்லை. உள்ளூரில் தெரியப்படுத்தினால் போதும். பேருந்து ஓடும் பிரதான சாலையில் இது நடக்காது. ஆனால் பள்ளி வாசலுள்ள சந்தில், இரண்டு தடுப்புகளையும் ஒரு காவலரையும் வைத்து ஒரு மாதம் பரீட்சித்துப் பார்க்கலாம்.

தர்காவுக்கு வரும் பக்தர்கள் பாறைப் படிகளில் மூச்சு வாங்க ஏறுகிறார்கள். கடைசி நூறு மீட்டரைப் பிள்ளையோடு நடப்பது அதைவிடச் சிரமமாக இருக்காது.