மேசன்மாரின் நாட்டில் ஒரு கோடை

பாரிஸ் நகரிலிருந்து லிமோஜ் செல்லும் றெயிலில் ஏறினால் சுமார் மூன்று மணித்தியாலத்தில் லா சூத்தெறேன் என்ற சிறு பட்டணத்தில் இறங்கலாம். அது கிறேஸ் மாவட்டத்தின் வாசல். உல்லாசப் பயணிகள் இந்தப் பக்கம் அதிகம் வருவதில்லை. கடற்கரை இல்லை, ஈபிள் கோபுரம் போல ஒன்றும் இல்லை. கருங்கல்லால் கட்டிய வீடுகள், செம்பழுப்பு நிற மாடுகள் மேயும் புல்வெளிகள், செஸ்நட் மரங்கள், இடையிடையே ஓடைகள். இவ்வளவுதான். இங்குள்ள ஒரு கிராமத்தில் என் மகளும் மருமகனும் பழைய வீடொன்றை வாங்கிக் குடியேறியிருந்தார்கள். 2023 ஆம் ஆண்டின் கோடையை நாங்கள் அங்கு கழித்தோம்.

முதல் நாள் கிராமத்தைச் சுற்றி வந்தபோது மனம் கொஞ்சம் கனத்தது. பத்து வீடுகளுக்கு நான்கு வீடுகள் பூட்டிக் கிடந்தன. பாடசாலைக் கட்டடத்தில் பாடசாலை இல்லை. கடை இருந்த இடத்தில் கடையின் பெயர்ப் பலகை மாத்திரம் இருந்தது. ஆனால், ஆள் இருக்கும் ஒவ்வொரு வீட்டின் பின்புறத்திலும் ஒரு காய்கறித் தோட்டம். நூல் பிடித்தாற்போல வரிசைகள். களை என்று சொல்ல ஒரு புல் இல்லை. கதவுக்கு நிறம் பூசாமல் பத்து வருடம் விட்டவர்கள்கூட போஞ்சிப் பாத்தியைக் கண்ணுக்குள் வைத்துப் பார்க்கிறார்கள். இதென்ன விசித்திரம் என்று தோன்றியது.

அதற்கு விடை இந்த மாவட்டத்தின் பழைய கதையில் இருக்கிறது. கிறேஸ் மண் வளமானதல்ல. அதனால் இங்குள்ள ஆண்கள் பல தலைமுறைகளாக மேசன் வேலைக்குப் பாரிஸுக்கும் லியோனுக்கும் போனார்கள். மார்ச் மாதத்தில் கூட்டங் கூட்டமாகப் புறப்பட்டு, குளிர்காலம் தொடங்கும்போது திரும்பி வருவார்கள். றெயில் வருவதற்கு முன்னர் கால்நடையாகவே போனார்கள். மார்த்தன் நடோ என்பவர் 1830 இல் தமது பதினான்காவது வயதில் தந்தையாரோடு இப்படிப் புறப்பட்டவர். பின்னாளில் பாராளுமன்ற உறுப்பினராகி, 1851 இன் அரசியற் புரட்சிக்குப் பின் நாடு கடத்தப்பட்டு, இங்கிலாந்தில் பிரெஞ்சு மொழி கற்பித்துப் பிழைத்து, முதுமையில் தமது மேசன் வாழ்க்கையை நூலாக எழுதினார். பாரிஸில் இன்று அவர் பெயரில் ஒரு சதுக்கம் உண்டு. நாம் படங்களில் பார்த்து வியக்கும் பாரிஸின் அகன்ற வீதிகளையும் கல் மாடிகளையும் கட்டிய கைகளில் பல இந்த ஏழைக் கிராமங்களிலிருந்து போனவை.

ஆண்கள் போன பின் நிலம் யார் கையில்? பெண்கள் கையில். உழுவதும் விதைப்பதும் மாடு பார்ப்பதும் பிள்ளை வளர்ப்பதும் அவர்களே. கோடை என்பது ஊரில் ஆண்கள் இல்லாத காலம். அனுப்பும் பணம் கடனுக்கும் வரிக்கும் போய்விடும். வயிற்றுக்குத் தோட்டம்தான். கணவர் கட்டாரிலும் சவூதியிலும் இருக்க, வீட்டையும் வளவையும் தனியே கட்டிக் காக்கும் நம் சகோதரிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பின்னர் போனவர்கள் திரும்பி வராமல் அங்கேயே தங்கத் தொடங்கினார்கள். 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் 2,80,000 பேருக்கு மேல் வாழ்ந்த கிறேஸில் இன்று 1,20,000 பேர்கூட இல்லை.

மகளின் பக்கத்து வீட்டில் ஒரு மூதாட்டி. எண்பத்தைந்து வயது. எல்லோரும் அழைப்பதுபோல் நாங்களும் 'மதாம்' என்றே அழைத்தோம். அவருடைய பாட்டனாரும் பாரிஸில் மேசன் வேலை செய்தவர். தோட்டம் பாட்டியாருடையது, பின்னர் தாயாருடையது, இப்போது இவருடையது. "எங்கள் குடும்பத்தில் இந்த மண்வெட்டி பெண்களிடம்தான் இருந்தது" என்று அவர் சொன்னதை மகள் மொழிபெயர்த்துத் தந்தாள். அவருக்கு முதுகு வளைந்துவிட்டது. ஆனால் அது தோட்ட வேலைக்கு வசதி என்று சிரிப்பார்.

இங்கே தோட்டக்காரருக்கு ஒரு கணக்கு உண்டு. மே 11, 12, 13 ஆகிய மூன்று நாட்களையும் 'பனிப் புனிதர்கள்' என்கிறார்கள். அந்த நாட்கள் கழியும்வரை தக்காளிக் கன்றையோ போஞ்சி விதையையோ வெளியில் வைக்கமாட்டார்கள். அதற்கு முன் ஒரே இரவின் உறைபனி எல்லாவற்றையும் கருக்கிவிடும். நமக்கு வருடம் முழுவதும் மண் சூடாகவே இருக்கிறது. அது எவ்வளவு பெரிய நிஃமத் என்பது இங்கு வந்துதான் விளங்கியது. இவர்களுக்குக் கிடைப்பது மே நடுவிலிருந்து செப்டெம்பர் இறுதிவரை ஏறத்தாழ நாலரை மாதம். அதற்குள் முளைத்து, காய்த்து, குளிர்காலத்துக்குச் சேமித்தும் முடிய வேண்டும்.

ஜூலை பிறந்ததும் வேலை ஓயாது. தக்காளியின் இலைக் கக்கத்தில் கிளம்பும் பக்கத் தளிர்களை ஒவ்வொரு நாளும் கிள்ள வேண்டும். விட்டால் செடி காடாகும், காய் சிறுக்கும். போஞ்சியை இரண்டு நாளுக்கு ஒரு தடவை பறிக்க வேண்டும். நம்மூரைப்போல விரல் தடிப்பு வரும்வரை அவர்கள் பார்த்திருப்பதில்லை. பென்சிலைவிட மெல்லியதாக, உள்ளே விதை முற்றாமல் இருக்கும்போதே பறிக்கிறார்கள். கூர்ஜெட் என்று ஒரு காய். உருவத்தில் வெள்ளரி, இனத்தில் பூசணி. நேற்று விரல் நீளம் இருந்தது நாளை கை நீளம் ஆகிவிடும். ஒரு குடும்பத்துக்கு இரண்டு செடி தாராளம். ஆனால் எல்லோரும் நான்கு செடி வைக்கிறார்கள். அதனால் ஜூலை மாதத்தில் காலையில் கதவைத் திறந்தால் வாசற்படியில் யாரோ வைத்துவிட்டுப் போன கூர்ஜெட் இருக்கும்.

பூச்சிக்கு மருந்து அடிப்பதில்லை. வீட்டுத் தோட்டக்காரர்கள் செயற்கை இரசாயனப் பூச்சிநாசினி பாவிப்பதைப் பிரான்ஸ் 2019 ஜனவரி முதல் தடை செய்துள்ளது. சட்டம் நிறைவேறியது 2014 இல். ஏறத்தாழ ஐந்து வருட அவகாசம் கொடுத்துத்தான் வீட்டுத் தோட்டங்களில் அதை நடைமுறைப்படுத்தினார்கள். 2021 இல் நம் நாட்டில் ஒரே இரவில் உரத்தை நிறுத்தி விவசாயிகளை வயலில் நிற்க வைத்ததை எண்ணிப் பெருமூச்சு விட்டேன். மதாமின் மருந்து, காஞ்சோன்றி இனத்துச் செடி ஒன்றைத் தண்ணீரில் ஊறவைத்து எடுக்கும் சாறு. அதன் நாற்றத்தைப் பற்றி எழுதாமல் விடுகிறேன். உருளைக்கிழங்கு இலையைத் தின்னும் வரிவண்டுகளை அவர் கையாலேயே பொறுக்கிப் போத்தலில் போடுகிறார். அமெரிக்காவிலிருந்து வந்து, 1922 இல் போர்டோ பகுதியில் பரவத் தொடங்கிய வண்டு அது. இரண்டாம் உலக யுத்தத்தில் ஜெர்மன் படையினருக்கு மக்கள் இரகசியமாக அந்த வண்டின் பெயரையே வைத்தார்களாம். இரண்டுமே உருளைக்கிழங்கைத் தின்று தீர்த்தன! சிறுமியாக இருந்தபோது போத்தலோடு வண்டு பொறுக்கிய நினைவு மதாமுக்கு இன்னும் இருக்கிறது.

கிராமத்தின் நாள் ஒழுங்கானது. காலையில் பாண்காரரின் வேன் ஹோர்ன் அடித்துக்கொண்டு வரும். நம் ஊர்ச் சூன் பாண் முச்சக்கர வண்டிதான் நினைவுக்கு வந்தது, இசை மாத்திரம் இல்லை. பெண்களும் முதியவர்களும் வந்து நின்று நீண்ட பாணை வாங்கிக்கொண்டு, பாண் வாங்க எடுக்கும் நேரத்தைவிட நான்கு மடங்கு நேரம் பேசுவார்கள். வேன் வராத நாளில் சிலர் வீட்டைவிட்டு வெளியே வருவதேயில்லை. பகல் பன்னிரண்டுக்குத் தேவாலய மணி அடித்ததும் தோட்டங்கள் வெறிச்சோடும். இரண்டு மணி வரை சாப்பாடும் ஓய்வும். யாரைக் கண்டாலும் 'பொன்ஜூர்' சொல்லிவிட்டுத்தான் மற்றப் பேச்சு. சொல்லாமல் கேள்வி கேட்டால் முகம் சுருங்கும். ஸலாத்தை முந்திச் சொல்லப் பழகிய நமக்கு இதில் சிரமம் இருக்கவில்லை.

நாட்டுப்புறச் சத்தங்களுக்கும் இங்கு சட்டப் பாதுகாப்பு உண்டு. ஒலெறோன் தீவில் விடுமுறைக்கு வந்த அயலவர் ஒருவர், சேவல் அதிகாலையில் கூவுகிறது என்று வழக்குப் போட, 2019 இல் நீதிமன்றம் சேவலின் பக்கம் தீர்ப்பளித்தது. அதன் பின் 2021 ஜனவரியில், நாட்டுப்புறத்தின் ஒலிகளும் வாசனைகளும் அதன் பாரம்பரியம் என்று சட்டமே இயற்றினார்கள். மதாமின் சேவல் இந்த உரிமையைக் குறைவின்றி அனுபவிக்கிறது. ஸுபஹுக்கு எங்களை எழுப்பியதும் அதுதான்.

தொழுகை நேரங்களுக்குப் பழகச் சில நாட்கள் பிடித்தன. ஜூன் இறுதியில் ளுஹர் பகல் இரண்டு மணியை ஒட்டி வருகிறது. சூரியன் மறைய இரவு பத்து மணியளவில் ஆகும். இஷாவைத் தொழுது முடித்துப் படுக்கப் போகும்போது நடுநிசி நெருங்கிவிடும். ஆனால் அந்த நீண்ட மாலைதான் தோட்டத்தின் உயிர். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் ஊரே பாத்திகளுக்கிடையில் நிற்கும். வேலி மேலாகப் பேச்சு நடக்கும். வெயில் தணிந்த மண்ணில் தண்ணீர் விழும்போது எழும் வாசனை எங்கும் ஒன்றுதான்.

அந்தத் தண்ணீர் பற்றித்தான் இப்போது எல்லோருக்கும் கவலை. 2022 ஜூலையில் பிரான்ஸ் முழுவதும் சராசரியாகப் பத்து மில்லிமீற்றர் மழைகூடப் பெய்யவில்லை. 1959 முதல் கணக்கிட்டதில் மிக வரண்ட ஜூலை அது. ஓகஸ்டில் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களில் குழாயில் குடிநீர் நின்றுபோனது. லொறிகளில் தண்ணீர் கொண்டுபோனார்கள். வரட்சிக் காலத்தில் புல்தரைக்கும் நீச்சல் தடாகத்துக்கும் முதலில் தடை வரும். காய்கறிப் பாத்திக்குக் கொஞ்சம் கருணை காட்டி, பகல் வெயிலில் ஊற்றாமல் இரவிலோ அதிகாலையிலோ ஊற்ற விடுவார்கள். இந்த வேறுபாடு எனக்கு நியாயமாகவே பட்டது. அந்த வருடம் மதாம் சலாது கழுவிய தண்ணீரையும் பாத்திரம் கழுவிய தண்ணீரையும் வாளியில் சேர்த்துத் தக்காளியின் வேரில் ஊற்றினாராம். பூக்களைக் காய விட்டு, போஞ்சியைக் காப்பாற்றினார். இப்போது ஒவ்வொரு கூரைக் குழாயின் கீழும் ஒரு பீப்பா நிற்கிறது. வைக்கோலை மண்ணின் மேல் தடிப்பாகப் பரப்புகிறார்கள். ஓடும் நதியில் வுழூச் செய்தாலும் வீண்விரயம் கூடாது என்று நமக்குச் சொல்லப்பட்டிருப்பதை மகள் அவரிடம் கூறியபோது, அவர் தலையை ஆட்டிவிட்டு, "அதைச் சொன்னவர் தண்ணீரின் பெறுமதி அறிந்தவர்" என்றார்.

உணவு விடயத்தில் முதலில் தயக்கம் இருந்தது. ஊர் விருந்துகளில் பன்றி இறைச்சியும் மதுவும் தாராளம். அவர்கள் சூப்பிலும் போஞ்சிக் கறியிலும்கூடப் பன்றித் துண்டுகள் போடுவது வழக்கம். மருமகன் ஆரம்பத்திலேயே இதைத் தெளிவாகச் சொல்லி வைத்திருந்தார். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. மதாம் எங்களுக்கென்று செய்தது கிளாபூத்தி. கறுத்த செரிப் பழங்களை விதையோடு தட்டில் பரப்பி, முட்டை, பால், மா, சீனி கலந்து ஊற்றிச் சூளையில் வேகவைப்பது. இந்த லிமூசன் பிரதேசத்தின் சொந்தப் பண்டம். சிலர் மது கலப்பார்களாம். கலக்கவில்லை என்று அவரே வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் தட்டைக் கொடுத்தார். வெறுந்தட்டைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் நமக்கில்லையே. ஜூன் 28 அன்று ஹஜ்ஜுப் பெருநாள். பாரிஸின் லா ஷப்பெல் கடைத் தெருவில் வாங்கி வைத்திருந்த கித்துள் கருப்பட்டியில் வட்டலப்பம் செய்து அதே தட்டில் அனுப்பினோம். இரண்டு நாளில் தட்டு சலாதோடு திரும்பி வந்தது. நாங்கள் புறப்படும்வரை அந்தத் தட்டு ஓரிடத்தில் தங்கவில்லை.

ஓகஸ்டில் ஊர் நிறைந்தது. நகரங்களுக்குப் போன பிள்ளைகள் பேரப்பிள்ளைகளோடு வந்தார்கள். பூட்டிய வீடுகளின் ஜன்னல்கள் திறந்தன. வந்தவர்கள் முதலில் போய்ப் பார்ப்பது பெற்றோரின் தோட்டத்தைத்தான். ஆனால் குனிந்து களை பிடுங்கிய இளையவர்களை நான் அதிகம் காணவில்லை. அவர்கள் தக்காளியைப் படம் எடுத்தார்கள். மதாமின் மகன் நல்லவர். இவ்வளவு வயதில் ஏன் கஷ்டப்படுகிறீர்கள், புல் விதைத்து விட்டுவிடலாமே என்றார். தாயார் பதில் சொல்லவில்லை. அன்று மாலை வழக்கத்தைவிட அதிக நேரம் பாத்தியில் நின்றார்.

மாத நடுவில் போத்தல் போடும் வேலை தொடங்கியது. போஞ்சியைக் கழுவி, காம்பு கிள்ளி, செம்மஞ்சள் இறப்பர் வளையம் போட்ட தடித்த கண்ணாடிப் போத்தல்களில் நெருக்கி அடைத்து, உப்பு நீர் ஊற்றி மூடி, பெரிய அண்டாவில் நீண்ட நேரம் கொதிக்க வைக்கிறார்கள். காம்பு கிள்ள நாங்கள் நால்வரும் உட்கார்ந்தோம். நாற்பத்திரண்டு போத்தல்கள். தனியாக வாழும் ஒருவருக்கு இவ்வளவு எதற்கு என்று கேட்டோம். மகனுக்குப் பத்து, மகளுக்குப் பத்து, பாண் வேனுக்கு நடந்து வர முடியாத கிழவர் ஒருவருக்கு ஆறு என்று விரல் விட்டு எண்ணினார். எண்ணி முடிக்கும்போது அவருக்கு மிஞ்சியவை சிலதான்.

ஜூலையில் நட்ட லீக்ஸ் அப்போது விரல் தடிப்புக்கு வந்திருந்தது. பனியிலும் மண்ணுக்குள் நின்று பிடிக்கும் பயிர் அது, குளிர்கால சூப்புக்கு. நாங்கள் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னர் மதாம் மகளை வேலியருகே அழைத்து, கிணற்றுப் பக்கமுள்ள கால்வாசித் தோட்டத்தைக் காட்டினார். அடுத்த வருடம் அதை இவள் செய்ய வேண்டுமாம். வாடகை இல்லை. ஆனால் போஞ்சியை இரண்டு நாளுக்கு ஒரு தடவை பறிக்க வேண்டும், வரிசை கோணக் கூடாது. மே 14 ஆம் திகதி காலையில் ஒரு கயிறும் இரண்டு முளைக்கட்டையும் எடுத்துக்கொண்டு வரும்படி சொல்லிவிட்டு, சேவலைக் கூட்டில் அடைக்கப் போய்விட்டார்.