விழுதுகளின் நிழல்

அம்மா காலமான பிறகு அப்பா வீட்டை விட்டு வெளியே கிளம்புவதே இல்லை. ஒரு நாள் காலை வற்புறுத்தி, அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனேன். 1882-ல் சபையார் வாங்கிய தோட்டம். இன்று 200 ஏக்கருக்கு மேல் விரிந்து கிடக்கிறது. வாசலில் பஸ்ஸின் இரைச்சல். உள்ளே சிறிது தூரம் நடப்பதற்குள் அது எங்கோ தேய்ந்து போயிற்று. மண் பாதை, இருபுறமும் மரங்கள், காலடியில் சருகு நொறுங்கும் ஓசை. சல்லடையில் சலித்தது போல் வெயில் பொட்டுப் பொட்டாக விழுந்து கிடந்தது. நாங்கள் பேசிக்கொள்ளவில்லை, பேசத் தோன்றவும் இல்லை.

பாதை பெரிய ஆலமரத்தடியில் கொண்டுவிட்டது. அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார்.

"இதிலே தாய் மரம் எதுடா?"

"அது 1989-லேயே புயல் காற்றில் சாய்ந்துவிட்டது, அப்பா. இப்போது நிற்பதெல்லாம் விழுதுகள்தான்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அப்பா ஒரு விழுதின் மேல் கையை வைத்தபடி வெகுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிழல் இருக்கிறதே, அது போதும்" என்றார்.

திரும்பும்போது என் தோளைப் பற்றிக்கொண்டு நடந்தார். மறுநாள் காலை நான் காபி குடித்து முடிப்பதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.