கூடு விட்டுப் போகாத உயிர்

"கூடு விட்டுப் பாயப் போறேன்னு படுத்த ஆளு, குறட்டைதான் விட்டாரு." எங்கள் லயத்தில் என்னைப் பற்றி ஓடும் பகிடி இது. காம்பராவுக்குக் காம்பரா ஒரே சுவர், மறைக்கவா முடியும்?

கேகாலைப் பக்கம் இறப்பர் தோட்டத்தில், உடம்பை விட்டு வெளியேறிப் பார்க்கும் இந்தப் பயிற்சிக்கு ஒரு வசதி உண்டு. குளிர் நேரத்தில்தான் பால் நன்றாக வடியும், அதனால் விடியுமுன்னே விழிப்பு தட்டிவிடும். மழை என்றால் பால் வெட்டு இல்லை, திரும்பப் படுக்கலாம். கனவுத் தூக்கம் அதிகம் வருவதும் அந்தப் பின்னிரவில்தான். உடம்பு மரத்து, காதில் ரீங்காரம் ஏறும். அவ்வளவுதான். பிறகு தகரத்தில் மழைச் சத்தம், அடுத்த காம்பராவில் இருமல்.

சோர்வாக இருக்கும். நம்மிடம் பக்குவம் போதாதோ என்றுகூடத் தோன்றும். எனக்குத் தெம்பு தந்தது ஜெனீவா ஆய்வு. 2002இல் ஓலாஃப் பிளாங்கே குழு, வலிப்பு நோயாளி ஒருவரின் மூளையில் வலப்பக்கம் ஓரிடத்தை மின்சாரத்தால் தூண்டியபோது, கட்டிலில் கிடக்கும் தன்னையே மேலிருந்து பார்த்ததாக அவர் சொன்னார். உயிர் நிஜமாகவே வெளியே போகிறது என்பதற்குச் சான்று இல்லை. மூளை செய்யும் வேலை என்றால், அந்த அனுபவம் வராததற்குப் பாவபுண்ணியக் கணக்கு எதற்கு?

திருமூலர் கதையிலும், மாடு மேய்த்த மூலன் இறந்து மாடுகள் கதறியதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் அவர் அந்த உடலில் புகுந்தார். வித்தை காட்ட அல்ல. (திரும்பி வந்தால் சொந்த உடம்பைக் காணோம்!)

ஒன்று மட்டும்: இதற்காகத் தூக்கத்தைக் கெடுக்காதீர்கள். காலையில் கையில் பால் கத்தி, காலடியில் வழுக்குச் சரிவு.